மூக்கன் மோந்து பார்த்த வண்டி

அவருக்கு மூக்கன் என்று பெயர் வந்தது மூக்கின் நீளத்தால் அல்ல. பார்க்க சாதாரண மூக்குதான். கண்ணாடி போட்டால் வழுக்காமல் நிற்கும், அவ்வளவே. பெயர் வந்தது அந்த மூக்கு செய்த வேலையால்.

அவரும் அவருடைய தம்பியும் ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார்கள். தகரக் கூரை, எண்ணெய் குடித்துக் கறுத்த சிமெண்ட் தரை, வண்டியைத் தூக்கி நிறுத்த ஒரே ஒரு லிஃப்ட். இந்த வகை கியர்பாக்ஸில் கியர் போடுவது கையல்ல, எண்ணெய். எண்ணெயின் அழுத்தத்தால் உள்ளே மெல்லிய கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியில்தான் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகும். பிடி தளர்ந்து தட்டுகள் வழுக்கினால் சூடேறும், மேற்பூச்சு கருகும். கருகிய வாசனை எண்ணெயில் தங்கிவிடும்.

மற்ற பட்டறைக்காரர்கள் கம்ப்யூட்டரைச் செருகி உட்கார்ந்திருக்கும்போது, மூக்கன் பானட்டைத் திறப்பார். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி, நுனியிலிருந்து ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுவார். காகிதத்தை மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுவார். வண்டிக்காரர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். "தட்டு கருகிடுச்சு, இறக்கணும்" என்பார். இல்லையென்றால், "எண்ணெய் பழசு, வேற ஒண்ணுமில்லை, தைரியமா போங்க" என்பார். சொன்னால் சொன்னதுதான். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும்.

தம்பி வேறு ஜாதி மனுஷன். எதையும் கருவியின் முள்ளில் பார்த்தால்தான் நம்புவான். பிரஷர் கேஜ், ஸ்கேனர், அளவுத் தாள் என்று அலமாரி நிறைய வைத்திருந்தான். "அண்ணனுக்கு மூக்கு, தம்பிக்கு முள்ளு" என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்வார்கள். தம்பிக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று மூக்கன் ஒருநாளும் கேட்டதில்லை. வருகிறவர்கள் எல்லோரும் "அண்ணன் இருக்காரா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே நுழையும்போது, அதைக் கேட்க வேண்டிய அவசியமும் அவருக்கு வரவில்லை.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்த காய்ச்சல்தான். படுத்தார், எழுந்தார். எழுந்த அன்று மனைவி தேநீர் கொடுத்தாள். சூடு இருந்தது, இனிப்பு இருந்தது, தேநீரைக் காணோம். சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். மறுநாள் பட்டறையில் பெட்ரோல் டேங்க் ஒன்றைத் திறந்து வைத்துத் தம்பி வேலை செய்துகொண்டிருந்தான். பக்கத்தில் நின்றிருந்த மூக்கனுக்கு அது தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது.

அன்றைக்கு ஒளிந்து ஒளிந்து எல்லாவற்றையும் மோந்து பார்த்தார். கிரீஸ், டயர், சோப்பு, தன்னுடைய வியர்வைச் சட்டை. ஒன்றுமில்லை. எல்லாச் சாமான்களும் இருந்த இடத்திலேயே இருந்தன, ஆனால் யாரோ உள்ளே இருந்ததை வழித்து எடுத்துக்கொண்டு மேல்தோலை மட்டும் வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது.

யாருக்கும் தெரியாமல் வேறு பேட்டையில் இருந்த டாக்டர் ஒருவரிடம் போனார். "வரலாம். வராமலும் போகலாம். பொறுத்துப் பாருங்க" என்றார் டாக்டர். பொறுத்திருப்பது என்று முடிவு செய்தார். அதைவிட முக்கியமாக, வாயைத் திறப்பதில்லை என்றும் முடிவு செய்தார். தையல்காரருக்கு மோப்பம் போனால் என்ன, போகாவிட்டால் என்ன? மூக்கனுக்கு மூக்கு போய்விட்டால் அப்புறம் அவர் யார்?

ஒரு தந்திரம் கைகொடுத்தது. காகிதத்தைத் தம்பியிடம் நீட்டி, "இந்தா, மோந்து சொல்லு பார்ப்போம். எத்தனை நாளைக்கு முள்ளையே பார்த்துட்டு இருப்ப?" என்பார். தம்பி முதலில் கொஞ்சம் மகிழ்ந்துகூடப் போனான். அண்ணன் தன் வித்தையைச் சொல்லித்தருகிறார் என்று நினைத்து, மோந்து பார்த்து, "கருகின மாதிரி இருக்குண்ணே" என்பான். "பரவாயில்லையே, தேறிட்ட" என்று மூக்கன் தோளில் தட்டுவார். அப்படியே நாட்கள் ஓடின. தம்பி பக்கத்தில் இல்லாதபோது நிறத்தைப் பார்த்துச் சமாளித்தார். பளிச்சென்று சிவப்பாக இருந்தால் நல்லது, கறுத்திருந்தால் கெட்டது. நடுவில் பழுப்பாக இருப்பதுதான் அவரைப் படுத்தியது.

வீட்டில் அவர் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அதுவும் ஒரு எலியால். பீரோவுக்கு அடியில் எலி செத்துக் கிடந்திருக்கிறது. அவள் வெளியூர் போய்விட்டுத் திரும்பிக் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. மூக்கன் அந்த பீரோவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பால் ஒரு துளி பொங்கி அடுப்பில் விழுந்தால் வாசலிலிருந்து குரல் கொடுக்கிற மனுஷன். எலியை எடுத்து வெளியே போட்டுவிட்டுத் தரையைக் கழுவினாள். எதுவும் கேட்கவில்லை. அவரும் எழுந்து, "என்ன, வந்ததும் வராததுமா வீட்டைக் கழுவுற?" என்றார்.

அப்படி இருக்கும்போதுதான் டீச்சரின் வண்டி வந்தது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் அல்ல, கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள். தனி ஆளாக, ஒரே ஒரு பழைய ஆட்டோமேட்டிக் வண்டியை வைத்து நடத்தினாள். தான் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் வைத்திருந்தாள். அவளிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், பயந்தவர்கள், மற்ற இடங்களில் திட்டு வாங்கி ஓடி வந்தவர்கள். அவள் குரலை உயர்த்துவதில்லை என்று பெயர்.

வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தி இறங்கியவள், "அண்ணே, காலையில முதல் தடவை எடுக்கிறப்போ முன்னால போக 'டி'ல போட்டா வண்டி அசைய மாட்டேங்குது" என்றாள். "ஒரு மூச்சு விடுற நேரம் சும்மா நிக்குது. அப்புறம் யாரோ பின்னாலேர்ந்து தள்ளிவிட்ட மாதிரி 'தொம்'னு கிளம்புது."

"ரிவர்ஸ் எப்படி?" என்று வேறொரு வண்டிக்கு அடியிலிருந்து தம்பி கேட்டான்.

"ரிவர்ஸ் போட்டா உடனே விழுது."

"ஓடிச் சூடானதுக்கு அப்புறம்?"

"அப்போ ஒண்ணும் தெரியலை. இப்பக்கூட நல்லாத்தான் வந்துச்சு. காலைல முதல் கிளாஸ்தான் படுத்துது."

தம்பி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டான். "ரிவர்ஸ் உடனே விழுதுன்னா எண்ணெய் தள்ளுற பம்ப் நல்லா இருக்குன்னு அர்த்தம். முன்னால போறதுக்கான கிளட்ச்சுலதான் எங்கயோ கசியுது. ஆனா இப்போ சூடா இருக்கிறப்போ பார்த்தா பிடிபடாது. வண்டி இன்னைக்கு இங்கேயே நிக்கட்டும் டீச்சர். காலைல ஆறிக் கிடக்கும்போது கேஜ் மாட்டிப் பார்ப்போம்."

டீச்சர் தயங்கினாள். "காலைல கிளாஸ் இருக்கே தம்பி" என்று சொல்லி, மூக்கன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க ஒரு தடவை மோந்து சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா எனக்கு நிம்மதி."

மூக்கன் பானட்டைத் திறந்தார். கம்பியை உருவிக் காகிதத்தில் சொட்டு விட்டார். பழுப்பு. சிவப்பென்றும் சொல்ல முடியாது, கறுப்பென்றும் சொல்ல முடியாது. தம்பியிடம் நீட்டலாம் என்றால், அன்று காலையில்தான் அவன் வெடித்திருந்தான். "எப்பப் பார்த்தாலும் இதை மோ, அதை மோன்னு. என்னை என்ன, மோப்ப நாய்னு நினைச்சீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருந்தான். இப்போது கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றான்.

மூக்கன் காகிதத்தை மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். இருட்டுதான் இருந்தது. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"சுத்தமாத்தான் இருக்கு" என்றார். "தட்டெல்லாம் கருகலை. உள்ள ரப்பர் சீல் கொஞ்சம் விறைச்சிருக்கும், பழைய வண்டிதானே. காலைல கிளப்பினதும் கொஞ்சம் சூடாக விட்டுட்டு எடுங்க. அவசரமில்லை. லீவு கிடைக்கிறப்போ கொண்டு வாங்க, பார்த்துக்கலாம்."

தம்பி என்னவோ சொல்ல வாயெடுத்தான். மூக்கன் அவனைப் பார்க்கவில்லை. டீச்சர் சிரித்த முகத்தோடு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். வண்டியும், பேய் பிடித்த பிள்ளை பூசாரியைக் கண்டதும் அடங்குவதுபோல, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் போனது.

அதற்கப்புறம் சில நாட்கள் கழித்து ஒரு காலையில் அது நடந்தது. அன்று முதல் கிளாஸுக்கு வந்தவர் கண்ணாடிக்கடைக்காரர். மூக்குக்கண்ணாடி விற்கிறவர். தலை முழுக்க நரைத்த பிறகு கார் கற்றுக்கொள்ள வந்தவர். டீச்சர் வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைத்திருந்தாள். சூடானது எஞ்சின்தான், கியர்பாக்ஸ் எண்ணெய் இன்னும் ஆறித்தான் கிடந்தது. அவர் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, கண்ணாடியெல்லாம் சரி பார்த்து, 'டி'யில் போட்டார். வண்டி நகரவில்லை. காலைக் கொஞ்சம் அழுத்தினார். நகரவில்லை. தான்தான் சரியாக அழுத்தவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தினார். எஞ்சின் மட்டும் கத்தியது. அப்புறம் கியர் விழுந்தது. கத்திக்கொண்டிருந்த எஞ்சினின் முழு பலமும் ஒரே நேரத்தில் சக்கரத்துக்குப் போனது.

டீச்சர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். தெரு குறுகல். எதிர்வீட்டு மதிலில் மோதித்தான் வண்டி நின்றது. மதிலோரம் சாய்த்து வைத்திருந்த பேப்பர்காரரின் சைக்கிள் அப்பளமாக நொறுங்கிப்போனது. பேப்பர்காரர் அப்போதுதான் வாசல்படி ஏறிப் பேப்பரை நீட்டிக்கொண்டிருந்தார். டீச்சர் முன்னால் ஊன்றிய கை மணிக்கட்டில் முறிந்தது.

இழுவை வண்டியில் கட்டி அந்த வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுவந்தபோது மூக்கன் கையிலிருந்த ஸ்பேனரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். கூடவே டீச்சரும் வந்திருந்தாள், கையில் மாவுக்கட்டோடு.

"தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுண்ணே" என்றாள். "பேப்பர்காரர் மட்டும் சைக்கிள் பக்கத்துல நின்னிருந்தா?"

"எப்படி ஆச்சு?" என்று கேட்டார் மூக்கன். தன் குரல் தனக்கே யாரோ பேசுவது போலக் கேட்டது.

"கண்ணாடிக்கடைக்காரர்தான். வண்டி கொஞ்சம் யோசிச்சுத்தான் கிளம்பும், பொறுமையா இருங்கன்னு சொல்லியிருந்தேன். பதறிப்போய் மிதிச்சுட்டார். வயசாச்சு இல்லையா? இனிமே வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன். யார்கிட்டயும் அப்படிச் சொன்னதில்லை நான். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போனார், பாவம்." பிறகு, "நீங்க சொன்ன மாதிரி சூடாக்கிட்டுத்தான் எடுத்தேன்" என்றாள்.

அவள் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி மூக்கன் நின்றார். "முன்பக்கத்தைச் சரி பண்ணித் தர்றோம் டீச்சர். நீங்க போய் ஓய்வெடுங்க" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கும் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்திக்கொண்டே இருந்தார். வெறும் தகர வேலை. அதற்கு மூக்கு வேண்டாம். தட்டத் தட்ட, கண்ணாடிக்கடைக்காரர்தான் பதறிவிட்டார் என்று தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். யாராக இருந்தாலும் பிரேக்கில் அல்லவா கால் வைத்திருக்க வேண்டும்? சொல்லச் சொல்ல அது கொஞ்சம் உண்மை மாதிரியும் ஆனது. சோற்றில் கை வைத்தால் மறுபடி பொய்யாகிப் போனது.

தம்பி அவரிடம் கேட்கவில்லை. ஒரு காலையில் அண்ணன் வருவதற்கு முன்பே வந்து, ஆறிக் கிடந்த வண்டியைக் கிளப்பி, காலைப் பிரேக்கில் அழுத்தி வைத்துக்கொண்டு 'டி'யில் போட்டுப் பார்த்தான். காத்திருந்தான். நிறையவே காத்திருந்தான். அப்புறம் வண்டி குலுங்கியது. மூக்கன் உள்ளே வந்தபோது வண்டி லிஃப்டில் மேலே நின்றது. தம்பி அடியில் அகலத் தட்டு வைத்து எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இங்க வாங்க."

மூக்கன் போனார்.

"இதை மோந்து பாருங்க."

எண்ணெய்த் தட்டின் அடியில் கறுப்பாக மெல்லிய சேறு படிந்திருந்தது. கிளட்ச் தட்டின் பூச்சு உதிர்ந்து வந்தது அது. பார்த்ததுமே தெரிந்தது. ஆனால் தம்பி பார்க்கச் சொல்லவில்லை.

"இங்க நிக்கவே முடியலை, அவ்வளவு கருகல் நாத்தம்" என்றான் தம்பி. "அன்னைக்கு நீங்க என்னத்தண்ணே மோந்தீங்க?"

மூக்கன் தோளிலிருந்த துண்டை எடுத்து ஸ்டூலின் மேல் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நேரமல்லாத நேரத்தில் வந்து நிற்கிறவரைப் பார்த்ததும் மடிப்பதை நிறுத்தினாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தார்.

"எனக்கு மோப்பம் போயிடுச்சு" என்றார்.

"தெரியும்."

நிமிர்ந்து பார்த்தார்.

"எலி செத்து நாறின அன்னைக்கே தெரியும்" என்றாள். "நாறுற எலிக்குப் பக்கத்துல குறட்டை விட்டுத் தூங்கினீங்க."

"ஏன் கேட்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். சொல்லலை. அவருக்கு எப்போ சொல்லத் தோணுதோ அப்போ சொல்லட்டும்னு விட்டுட்டேன். வீட்டுக்குள்ளதானே, யாருக்கு என்ன நஷ்டம்னு நினைச்சேன்." மடித்த துணியை மறுபடி பிரித்தாள், மறுபடி மடித்தாள். "பட்டறையில எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சிருக்கணும் நான்."

அவர் வண்டி விஷயத்தைச் சொன்னார். டீச்சர், மாவுக்கட்டு, சைக்கிள், கண்ணாடிக்கடைக்காரர். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். பேப்பர்காரர் வாசல்படி ஏறிய இடம் வந்தபோது மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"போய்ச் சொல்லிடுங்க" என்றாள் முடிவில். "தம்பிகிட்ட முதல்ல. மத்தவங்ககிட்ட அப்புறம். ஆளுக்கொரு விதமா சொல்லாதீங்க, எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி சொல்லுங்க."

பட்டறைக்குத் திரும்பி வந்து அவர் சொன்னபோது தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஸ்பேனரை எடுத்து வைத்தான், மறுபடி எடுத்தான். "எனக்கு வித்தை கத்துத் தர்றீங்கன்னு நினைச்சேன்" என்றான். அவ்வளவுதான். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவே இல்லை. மூக்கனுக்கு இன்றுவரை மறக்கவில்லை.

அன்று மத்தியானம் இருவரும் சேர்ந்து வேலை செய்தார்கள். எண்ணெயைத் திரும்ப ஊற்றி, கியர்பாக்ஸின் பக்கவாட்டில் முன்னால் போவதற்கான கிளட்ச்சின் அழுத்தம் பார்க்கும் துளையில் கேஜை மாட்டினான் தம்பி. மூக்கன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். 'டி'யில் போட்டதும் பாய்ந்து ஏற வேண்டிய முள், மாடிப்படி ஏறும் நோயாளி மாதிரி நின்று நின்று ஏறியது. அது ஒரு சாட்சி. இன்னொன்றும் பார்த்தார்கள். அடிப்பாகத்தைக் கழற்றிவிட்டு, கிளட்ச்சுக்கு எண்ணெய் போகும் வழியில் காற்றைப் பீய்ச்சினார்கள். நல்ல கிளட்ச் என்றால் உள்ளே 'டப்' என்று தட்டிக்கொண்டு மூடும். இது 'உஸ்' என்று பெருமூச்சு விட்டது. விறைத்துப்போன சீல் வழியாகக் காற்று ஒழுகியது. அதன் வழியாகத்தான் எண்ணெயும் ஒழுகியிருக்கிறது. அழுத்தம் சேரத் தாமதம். பிடி பாதி, வழுக்கல் பாதி என்று தட்டுகள் கருகியிருக்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க மூக்கே தேவையில்லை. ஒரு ராத்திரி வண்டி இங்கே நின்றிருந்தால் போதும்.

மறுநாள் டீச்சரை வரச்சொன்னார்கள். மனைவி சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல் மூக்கன் சொன்னார். டீச்சர் ஸ்டூலில் உட்கார்ந்து, முறிந்த கையை நல்ல கையால் தாங்கிக்கொண்டு கேட்டாள்.

"உங்க மூக்கை நம்பித்தானே எடுத்துட்டுப் போனேன்" என்றாள். குரல் உயரவில்லை. "தம்பி நிறுத்தச் சொன்னார். நான்தான் உங்க பக்கம் திரும்பினேன்."

"தப்பு என்னுதுதான் டீச்சர்."

"அந்த மனுஷனைத் துரத்தி விட்டுட்டேனே நான்." பிறகு, "எப்போ போச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"மழைக்காலத்துல. காய்ச்சல் வந்தப்போ."

"அப்போ அதுக்கப்புறம் இங்க வந்துட்டுப் போன வண்டியெல்லாம்?"

அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்குமே அந்தக் கேள்வி அதுவரை தோன்றியிருக்கவில்லை. எத்தனை பேரை அவர் "தைரியமா போங்க" என்று அனுப்பி வைத்திருந்தார்?

கண்ணாடிக்கடைக்குத் தனியாகத்தான் போனார். சின்னக் கடை. சுவர் முழுக்கக் கண்ணில்லாத கண்ணாடிகள் அவரையே பார்த்தன. கல்லாவுக்குப் பின்னால் கடைக்காரர் ஒரு ஃபிரேமுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மெல்லிய துணியால் லென்ஸ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மூக்கன் நின்றபடியே சொன்னார். வண்டியில்தான் கோளாறு, உங்கள் காலில் இல்லை. அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டியவன் நான்.

கடைக்காரர் திருகாணியைக் கீழே வைத்தார். "அன்னையிலேர்ந்து நான் நரம்பு டாக்டர்கிட்ட போயிட்டு இருக்கேன்" என்றார் மெதுவாக. "மூளை ஒண்ணு சொல்லுது, கால் வேற ஒண்ணு செய்யுதுன்னு. தலையை ஸ்கேன் எடுத்தாச்சு. இந்தத் திருகாணியைக்கூட ரெண்டு தடவை யோசிச்சுத்தான் போடுறேன், கை எங்கே மாறிப் போகுமோன்னு." மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா?"

அவள் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸை வைக்கவில்லை. "கேட்டேன்" என்றாள். மூக்கனைப் பார்த்து, "பொண்ணு வேற ஊர்ல இருக்கா. குழந்தை பிறந்திருக்கு. எனக்கு பஸ்ல ஏறினா வாந்தி. அதுக்காகத்தான் இந்த வயசுல இவர் வண்டி கத்துக்கப் போனார். அன்னைக்கு இடிச்சுட்டு வந்து நின்னப்போ நான் பேசின பேச்சு இருக்கே. கிழவனுக்கு எதுக்கு இந்த ஆசை, ஒரு உயிரைக் கொன்னுட்டு ஜெயில்ல உட்காரவான்னு கேட்டேன். அதையெல்லாம் இப்போ யார் திரும்ப வாங்கிக்கிறது? நீங்களா?" என்றாள்.

மூக்கன் மன்னித்துவிடுங்கள் என்றார். கடைக்காரர் தலையசைத்தார், அது மன்னித்ததாகவும் இருக்கலாம், போய் வாருங்கள் என்பதாகவும் இருக்கலாம். மூக்கன் படி இறங்கும்போது உள்ளே அந்த அம்மாள் கணவரிடம் என்னவோ தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னவென்று காதில் விழவில்லை.

அதற்கப்புறம் பழைய வண்டிகளைத் தேடும் வேலை தொடங்கியது. மூக்கன் நினைவிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, தம்பி போன் செய்தான். "ஒரு தடவை வந்துட்டுப் போங்க, சும்மா சரி பார்க்கத்தான்" என்று சொன்னால் யாரும் வரவில்லை. ஆகவே காரணத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் சிரித்தார்கள். சிலர் வந்துவிட்டு, அதோடு வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். வந்த வண்டிகளில் பெரும்பாலானவை நல்லபடியாகவே இருந்தன. ஒரு டாக்ஸியில் மட்டும் எண்ணெய் கெட்டுக் கிடந்தது. அதன் டிரைவர், "காலைல ஒரு மாதிரி இழுக்குதேன்னு நானே நினைச்சேன், நீங்கதான் நல்லாருக்குன்னீங்க" என்றார். நல்லவேளை, ஒன்றும் நடக்கும் முன்பே பிடிபட்டது.

டீச்சரின் கை கூடியது. கொஞ்சம் கோணலாகக் கூடியது. புது சீலும் தட்டும் போட்டு, ராத்திரி முழுக்க ஆற வைத்து, காலையில் அவளையே உட்காரச் சொல்லிக் கியர் போட்டுக் காட்டினான் தம்பி. போட்டதும் பிடித்தது. கண்ணாடிக்கடைக்காரர் திரும்ப வரவில்லை. "நான் அந்த சீட்டுல உட்கார்ந்தா கை வேர்க்குது" என்று சொல்லிவிட்டாராம். அவருக்குப் பதில் அவர் மனைவி வந்தாள். "ஓட்டுறவங்களுக்கு வாந்தி வராதுன்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டுக்கொண்டே வண்டியில் ஏறினாள் என்று டீச்சர் சொன்னாள். நன்றாக ஓட்டுகிறாளாம். பக்கத்து சீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் அவள் பேச்சைத் தாங்க முடியாதாம்.

பட்டறையில் இப்போது எந்த வண்டியானாலும் முதலில் ஒரு ராத்திரி நிற்கும், காலையில் கேஜ். கடைசி வார்த்தை தம்பியுடையது. வருகிறவர்கள் பழக்கதோஷத்தில் இன்னும் "மூக்கன் இருக்காரா?" என்றுதான் கேட்கிறார்கள். மூக்கன் எழுந்து, தம்பி இருக்கும் பக்கம் கையைக் காட்டுகிறார். மோப்பம் திரும்பவில்லை.

தேடியதில் ஒரே ஒரு வண்டி மட்டும் அகப்படவில்லை. சாம்பல் நிற வேன். அதன் எண்ணெயும் பழுப்பு. அதையும் அவர் தனியாக இருந்தபோதுதான் பார்த்து அனுப்பினார். சொந்தக்காரர் அதை யாருக்கோ விற்றுவிட்டுக் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். வாங்கியவரும் கைமாற்றி விட்டாராம். யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் சிக்னலில் நின்றிருந்தார். முன்னால் ஒரு சாம்பல் நிற வேன். பச்சை விழுந்தது. வேன் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள் கத்தின. மூக்கன் தன் ஸ்கூட்டரை அப்படியே ஸ்டாண்ட் போட்டுவிட்டு ஓடிப்போய் வேனின் கண்ணாடியைத் தட்டினார். உள்ளே இருந்த ஆள் கீழே விழுந்த எதையோ குனிந்து தேடிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து கண்ணாடியை இறக்கினான்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"காலைல முதல் தடவை எடுக்கிறப்போ" என்றார் மூக்கன், மூச்சு வாங்க, "கியர் போட்டதும் வண்டி உடனே கிளம்புதா?"

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "இது கையால கியர் போடுற வண்டிங்க" என்று சொல்லி, போட்டும் காட்டிவிட்டு, போய்விட்டான். மூக்கன் நடுத்தெருவில் நின்றார். இருபுறமும் வண்டிகள் அவரைத் திட்டிக்கொண்டே விலகிப் போயின. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு ஓரத்துக்கு வந்து, சிக்னல் மறுபடி சிவப்பாகிப் பச்சையாகும்வரை அங்கேயே நின்றுவிட்டு, பட்டறைக்குப் போனார்.